ஸ்ப்ளெண்டர் ஹெட்: வீட்டில் செய்யக்கூடிய வேலை எது, பட்டறைக்குப் போக வேண்டியது எது?

நூறு சி.சி. வண்டியில் பிக்கப் போய்விட்டது, மேட்டில் இழுக்கவில்லை, கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை என்றால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். கழற்றிய பிறகு நான்கு வழிகள் இருக்கின்றன. வால்வை லேப்பிங் செய்து, அதாவது அது உட்காரும் சீட்டோடு பேஸ்ட் வைத்துத் தேய்த்து, அப்படியே பூட்டலாம். காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டின் உள்பக்கத்தை அரைத்துச் சீராக்கலாம். ஹெட்டின் அடிமுகத்தைத் தேய்த்துக் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை நெருக்கும் அளவை, ஏற்றலாம். வால்வுத் தண்டு ஓடும் கைடு, சீட்டெல்லாம் பட்டறையில் கொடுத்துப் புதிதாக்கலாம். இவற்றில் எதை வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்யலாம், எதைச் செய்தால் நல்ல ஹெட் பாழாகும் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்டிருப்பது பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டரின் 97.2 சி.சி. எஞ்சின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49.5 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 9-ஐ ஒட்டி இருக்கும். சி.டி. 100, பேஷன் வண்டிகளிலும் அடிப்படை இதுதான். உள்ளே இரண்டே வால்வு, அவற்றைத் திறக்கும் ஒரே கேம், வால்வு நுனிக்கு மேல் சிறு இடைவெளி விட்டுத் திருகி வைக்கும் டேப்பட். கையால் பழகுவதற்கு இதைவிட எளிய ஃபோர் ஸ்ட்ரோக் ஹெட் கிடைப்பது அரிது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த எஞ்சின் இழந்த சக்தியில் பெரும்பகுதி கசிவில் போனது. போர்ட் குறுகலாக இருப்பதால் போனதல்ல. ஆகவே பணமும் நேரமும் முதலில் வால்வும் சீட்டும் ஒட்டும் இடத்துக்குப் போக வேண்டும். போர்ட் வேலை அதற்கு அடுத்தது, அதுவும் சிறு அளவில். முகத்தைத் தேய்ப்பது கடைசி.

கழற்றுவதற்கு முன்

பழுது ஹெட்டில்தானா என்று உறுதி செய்யாமல் ஹெட்டில் கை வைக்கக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பட் இறுகிப்போயிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் விழும். மேனுவல் சொல்லும் இடைவெளிக்கு வைத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை.

டேப்பட் சரியாக இருந்தும் பலம் இல்லையென்றால் ப்ளக்கைக் கழற்றி, 10 மி.மீ. மரைக்கான அடாப்டரோடு கம்ப்ரஷன் கேஜைப் பூட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு முள் ஏறாமல் நிற்கும்வரை கிக்கரை மிதியுங்கள். பிறகு ப்ளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் குற்றம் பிஸ்டன் ரிங்கிலும் சிலிண்டர் போரிலும் இருக்கிறது. ஹெட்டை என்ன செய்தாலும் பயனில்லை. ஏறவில்லையென்றால் வால்வோ, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டோ கசிகிறது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஹெட்டை அரைப்பவர்கள்தான் கடைசியில் போரும் பிஸ்டனும் சேர்த்து வாங்குகிறார்கள்.

புகையும் தடயம் தரும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப்புகை விட்டு நின்றுவிட்டால் ஸ்டெம் சீலோ (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது) கைடோ போயிருக்கிறது. ஓட்டம் முழுக்கப் புகைத்தால் பெரும்பாலும் ரிங்.

வால்வு லேப்பிங்

செலவு மிகக் குறைவு, கெடுக்கும் வாய்ப்பும் குறைவு, பலன் அதிகம். தேவைப்படுபவை: முரடு, நைஸ் இரண்டும் உள்ள வால்வு கிரைண்டிங் பேஸ்ட் டப்பா, ஒரு சிறிய சி கிளாம்ப், பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டு, பழைய பெட்ரோல் ஓஸ், மண்ணெண்ணெய், வெள்ளைத் துணி.

குழாய்த் துண்டை ஸ்ப்ரிங் தட்டின் மேல் நிறுத்தி, கிளாம்பின் மறுமுனையை வால்வு முகத்தில் வைத்து இறுக்கினால் ஸ்ப்ரிங் அமுங்கும். ஸ்ப்ரிங் தட்டைத் தண்டில் பிடித்து வைக்கும் இரண்டு லாக்கையும் ஜன்னல் வழியாகக் காந்தத்தால் எடுத்துவிடலாம். வால்வை உடனே இழுக்காதீர்கள். லாக் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் பிசிர் நின்றிருக்கும். அதோடு இழுத்தால் கைடின் உட்சுவர் நெடுகக் கீறல் விழும். நைஸ் உப்புத்தாளால் அந்த ஓரத்தைச் சுற்றித் தடவி, வால்வு விரலால் தள்ளியதும் வழுக்கி இறங்கிய பிறகு எடுங்கள்.

கார்பனைச் சுரண்டிய பின் வால்வைக் கூர்ந்து பாருங்கள். சீட்டில் உட்காரும் வளையத்துக்கும் வால்வின் மேல்முகத்துக்கும் நடுவே இருக்கும் செங்குத்தான விளிம்பு அரை மி.மீ.க்கும் மெலிந்திருந்தால் அந்த வால்வு வேண்டாம். மெலிந்த விளிம்பு சிவக்கச் சூடேறி எரிந்துபோகும். தண்டைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். வளைந்ததையும் விளிம்பு கருகிக் கீறியதையும் எவ்வளவு தேய்த்தாலும் தேறாது.

கடையில் விற்கும் ரப்பர் கப் வைத்த லேப்பிங் குச்சி பெரும்பாலும் கார் வால்வுக்கானது; இந்தச் சிறிய வால்வு முகத்தில் நிற்காது. பெட்ரோல் ஓஸைத் தண்டின் நுனியில் இறுக்கமாகச் செருகி, கைடு பக்கமிருந்து லேசாக இழுத்துப் பிடித்தபடி இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே முன்னும் பின்னும் உருட்டுவதுதான் நம் மெக்கானிக்குகள் கையாளும் முறை, அதுவே சிறந்ததும். பேஸ்ட்டை வால்வின் சாய்வு முகத்தில் மூன்று இடங்களில் மிளகளவு மட்டும் வையுங்கள். தண்டில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது; பட்டால் அது கைடைத் தின்னத் தொடங்கிவிடும். எட்டுப் பத்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் திருப்பு திருப்பி மறுபடி உட்கார வையுங்கள். முதலில் கரகரவென்று கேட்கும். சத்தம் மெதுவானால் பேஸ்ட்டின் மணல் தேய்ந்துவிட்டது என்று பொருள். துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். முரடு பேஸ்ட் சிறு குழிகள் இருந்தால் மட்டும். குழி இல்லாத சீட்டுக்கு நைஸ் ஒன்றே போதும்.

கை வலிக்கிறது என்று ட்ரில் மெஷினில் தண்டை மாட்டிச் சுற்றுபவர்கள் உண்டு. ஒரே திசையில் வேகமாகச் சுற்றும்போது மணல் ஒரே தடத்தில் ஓடிச் சீட்டில் வட்ட வட்டமாகக் கோடு போடும். அந்தக் கோடுகள் வழியாகவே கசியும்.

முடிவில் வால்விலும் சீட்டிலும் ஒளி மங்கிய சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். இந்த எஞ்சினுக்குச் சீட்டின் அகலம் சுமார் 1 மி.மீ. இருப்பது நல்லது. 1.5 மி.மீ.யைத் தாண்டினால் இனி லேப்பிங்கால் பயனில்லை, சீட்டைக் கட்டர் வைத்து வெட்ட வேண்டும். அகலம் கூடினால் ஸ்ப்ரிங்கின் அழுத்தம் பரவிப் பலம் குறையும், கார்பன் துகள் சிக்கும். மிகக் குறுகினால் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் வால்வு எரியும். லேப்பிங் எப்போதும் சீட்டை அகலப்படுத்தவே செய்யும், குறுக்காது. அதனால்தான் ஒவ்வொரு முறை ஹெட்டைத் திறக்கும்போதும் வழக்கத்துக்காகத் தேய்ப்பது தவறு.

உண்மையில் ஒட்டியதா என்று பார்க்க: சாதாரண பென்சிலால் சீட்டின் குறுக்கே எட்டுக் கோடுகள் போட்டு, வால்வை வைத்து அழுத்திக் கால் சுற்று திருப்புங்கள். எட்டும் அழிய வேண்டும். இரண்டு மூன்று அடுத்தடுத்து அழியாமல் நின்றால் சீட் வட்டமாக இல்லை அல்லது கைடு ஆடுகிறது. அடுத்தது மண்ணெண்ணெய்ச் சோதனை. ஸ்ப்ரிங்கெல்லாம் பூட்டி, ப்ளக்கையும் போட்டு, பெட்ரோல் எரியும் குழியான சேம்பர் மேலே பார்க்கும்படி ஹெட்டை வைத்து நிரம்ப ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு போர்ட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வைச் சுற்றி ஈரம் கசியாமல் இருந்தால் போதும்.

பிறகு கழுவல். மண்ணெண்ணெயில் கழுவியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மணல் அங்கேயே தங்கும். சோப்பும் சுடுநீரும் போட்டுக் கழுவி, கைடுக்குள் வெள்ளைத் துணியை நுழைத்து இழுங்கள். துணியில் சாம்பல் நிறம் படாதவரை கழுவ வேண்டும். உலர்ந்ததும் ஆயில் தடவி, புது ஸ்டெம் சீல் போட்டுப் பூட்டலாம். பழைய சீலைத் திரும்பப் போடுவது வேண்டாம்.

போர்ட்டை அரைப்பது

இங்கேதான் ஆசை அறிவை முந்துகிறது. இந்த வண்டி ஏழரைக் குதிரைத்திறனை ஒட்டி 8000 ஆர்.பி.எம்.-இல் தருகிறது, தினசரி ஓட்டமோ அதில் பாதிச் சுற்றில்தான். அந்தச் சுற்றில் காற்று வேகமாகப் பாய்வதற்குப் போர்ட் குறுகலாக இருப்பதுதான் நல்லது. அகலப்படுத்தினால் வேகம் குறையும், பெட்ரோல் துளிகள் காற்றில் மிதக்காமல் சுவரில் படியும், மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வண்டி திணறும். உச்ச வேகத்தில் ஏதோ கூடினாலும் ஊருக்குள் இழந்ததை அது ஈடு செய்யாது.

ஆனால் பெரிதாக்காமல் சீராக்குவதில் பயன் உண்டு. வார்ப்பின்போது எழுந்த வரம்புகளும், கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் சேருமிடத்தில் உள்ள படியும் காற்றோட்டத்தைக் கலைக்கும். மேனிஃபோல்டின் கேஸ்கெட்டை ஹெட்டில் போல்ட்டால் நிறுத்தி, மார்க்கர் பூசிய முகத்தில் ஊசியால் துளையின் எல்லையைக் கீறிக் கொள்ளுங்கள். துளைக்குள் நீட்டி நிற்கும் ஓரத்தை மட்டும் எடுத்து, உள்ளே 10 முதல் 15 மி.மீ. தூரத்துக்குள் பழைய சுவரோடு கலந்துவிட்டால் போதும். மேனிஃபோல்டு, கறுப்பு இன்சுலேட்டர் துண்டு இரண்டிலும் இதே சோதனை. படி அதில் இருந்தால் அதை அரைப்பதே நல்லது. பிழைத்தாலும் ஹெட் தப்பிக்கும்.

அலுமினியத்துக்குத் தனி பர் (சுழன்று அரைக்கும் முனை) உண்டு: பல் அகலமாக, ஒரே திசையில் வெட்டியது. இரும்புக்கான குறுக்குப் பல் பர்ரில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். அப்பியதும் அது வெட்டாமல் தேய்த்துத் துள்ளும். அடிக்கடி மண்ணெண்ணெயிலோ மெழுகிலோ தோய்த்தால் அப்பாது. சிறிய கை கிரைண்டர் இல்லையென்றால் ட்ரில்லில் மாட்டிய பர்ரும், நுனி பிளந்த குச்சியில் செருகிச் சுற்றிய 80, 120 நம்பர் உப்புத்தாளும் போதும், நேரம்தான் கூடும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

வேலை செய்யும்போது தூக்கிப்போடவிருந்த பழைய வால்வைச் சீட்டில் போட்டு வையுங்கள். பர் ஒருமுறை துள்ளிச் சீட்டின் 45 டிகிரி முகத்தில் பட்டால், அந்த ஒரு வெட்டை லேப்பிங்கால் எடுக்க முடியாது. போர்ட் திரும்பும் இடத்தில் உள்வளைவைத் தொடவே வேண்டாம். அங்கே காற்று சுவரை விட்டுப் பிரியாமல் திரும்புவது அந்த வளைவின் வடிவத்தால்தான். போர்ட்டுக்குள் நீட்டியிருக்கும் கைடை வெட்டிக் குட்டையாக்குவதும் கூடாது, வால்வுக்குத் தாங்கலும் போகும், சூடு இறங்கும் வழியும் போகும். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களின் துளைகளை ஒட்டிய சுவர் மெல்லியது. ஒரு ஸ்டட் துளை வழியாகத்தான் கேமுக்கு ஆயில் ஏறுகிறது. அதற்குள் ஓட்டை விழுந்தால் ஹெட் குப்பைக்குத்தான்.

காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்யாதீர்கள். 120 நம்பர் தாள் விட்ட லேசான சொரசொரப்பு பெட்ரோல் படலமாக வழியாமலிருக்க உதவும். எக்ஸாஸ்டில் எவ்வளவு வழவழப்பாக்கினாலும் நல்லதே, கார்பன் பிடிப்பது குறையும். ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டை சைலன்சர் குழாயின் அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம். போர்ட் சற்றுச் சிறியதாக, குழாய் சற்றுப் பெரியதாக இருக்கும் அந்தப் படி, திரும்பி வரும் புகை அலையைத் தடுக்கிறது. இன்டேக்கில் குற்றமாக இருப்பது எக்ஸாஸ்டில் குணமாகிறது.

அடிமுகத்தைத் தேய்ப்பது

இதில் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கோணிய முகத்தைச் சமமாக்குவது ஒன்று. கம்ப்ரஷனை ஏற்ற வேண்டுமென்றே உயரத்தைக் குறைப்பது மற்றொன்று. முதலாவதை வீட்டில் செய்யலாம். இரண்டாவதை வீட்டில் செய்யக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

நேர்விளிம்பு ஸ்கேலை முகத்தில் நீளம், அகலம், இரு மூலைவிட்டம் என்று வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் தேய்க்க வேண்டும். முகத்தில் நீட்டி நிற்கும் டோவல் பின்களை (ஹெட்டை இடம் பொருத்துபவை) எடுத்துவிட்டு, 10 அல்லது 12 மி.மீ. தடிமனான கண்ணாடி மேல் 320 நம்பர் நீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டவைத்து, முகம் முழுக்க மார்க்கர் கோடு போட்டு, எட்டு வடிவில் ஓட்டுங்கள். பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் திருப்பு திருப்புங்கள். இந்த ஹெட்டில் ஒரு ஓரம் செயின் போகும் சுரங்கமாகக் காலியாக இருப்பதால் அந்தப் பக்கம் உலோகம் குறைவு, தேய்மானம் வேகம். கையின் அழுத்தத்தைச் சேம்பருக்கு நேர்மேலே வைக்காவிட்டால் முகம் ஆப்பு வடிவில் சரியும். கோடுகள் எல்லாம் ஒன்றாக மறைந்தவுடன் 600-இல் முடித்து நிறுத்திவிடுங்கள்.

இனி கம்ப்ரஷன். கணக்கு இப்படி: விகிதம் 9 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 97.2-ஐ 8-ஆல் வகுத்த 12.15 சி.சி. 50 மி.மீ. போரின் பரப்பு 19.63 சதுர செ.மீ. சேம்பரின் வாய் போர் அளவே இருப்பதாகக் கொண்டால், 0.2 மி.மீ. எடுத்தால் 0.39 சி.சி. குறைந்து விகிதம் 9.27 ஆகும். 0.3-க்கு 9.41. அரை மி.மீ.க்கு 9.70. வாய் போரைவிடச் சிறியதென்றால் ஏற்றம் இதைவிடக் குறைவு. அரை மி.மீ. எடுத்தும் கிடைப்பது இவ்வளவுதான். அந்த அரை மி.மீ.யைக் கண்ணாடியில் நான்கு மூலையும் சமமாக எடுப்பது நடக்காத காரியம். மில்லிங்கோ சர்ஃபேஸ் கிரைண்டிங்கோ உள்ள பட்டறையில் சில நிமிட வேலை.

விலையும் உண்டு. கேம் கீழே இறங்குவதால் செயினின் இழுவைப் பக்கம் தளர்ந்து, கேம் டைமிங் பின்தங்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல், கண்ணி 6.35 மி.மீ. என்றால் சுற்றளவு 177.8 மி.மீ.; அரை மி.மீ. குறைந்தால் கேமில் 1 டிகிரி, கிராங்கில் 2 டிகிரி தாமதம். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். பிஸ்டன் தலையில் சிறுவர்கள் விளையாடும் களிமண்ணை வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, பள்ளத்தின் தடிமனை அளக்க வேண்டும்: இன்டேக்குக்கு 1.5 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சாதாரண பெட்ரோலில், வெயில் நேரத்தில், டாப் கியரில் மேடேறும்போது டிக்டிக்கென்று நாக்கிங் கேட்டால் விகிதம் மிஞ்சிவிட்டது. அப்படியே ஓட்டினால் ரிங் உட்காரும் பிஸ்டன் விளிம்பு உடையும்.

கண்ணாடியில் ஹெட் தேய்க்கும் பழக்கம் இங்கே பரவியதில் யமஹா ஆர்.எக்ஸ். 100-க்குப் பங்குண்டு. அந்த டூ ஸ்ட்ரோக் ஹெட்டில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. சிறிய வட்ட முகம், எல்லாப் பக்கமும் ஒரே சீரான உலோகம். ஈயக் கம்பியை ப்ளக் துளை வழியே விட்டுப் பிஸ்டன் ஓர இடைவெளியை அளந்துகொண்டே தேய்க்கலாம். அதில் நடந்த வித்தை ஃபோர் ஸ்ட்ரோக் ஹெட்டுக்குச் செல்லாது.

பட்டறை வேலை, புது ஹெட்

வால்வை சீட்டிலிருந்து 10 மி.மீ. தூக்கி நுனியை ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் கைடு போய்விட்டது. அதன்மேல் லேப்பிங் செய்தால் சோதனையில் ஒட்டும், ஓட்டத்தில் கசியும். வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். கைடு மாற்ற ஹெட்டைச் சீராகச் சூடேற்ற வேண்டும், புதுக் கைடை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், மையம் மாறியதால் சீட்டையும் மறுபடி வெட்ட வேண்டும். சுத்தியலும் அடுப்பும் வைத்து வீட்டில் செய்யும் வேலையல்ல. கொடுக்கும்போது 32, 45, 60 டிகிரி மூன்று கட்டரும் போட்டுச் சீட்டை 1 மி.மீ.க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்கும்போது கடையிலேயே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய வால்வு போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு சீட்டுக்கும் ப்ளக் துளைக்கும் நடுவே உள்ள உலோகம் ஏற்கெனவே குறைவு. இன்னும் வெட்டினால் சூட்டில் விரிசல் விடும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அனுமதிப்பதில்லை.

கேம் பேரிங் உட்காரும் குழி தளர்ந்தோ, வால்வை அமுக்கும் ராக்கரின் ஷாஃப்ட் துளை நீள்வட்டமாகியோ இருந்தால் கைடுக்கும் சீட்டுக்கும் செலவழிக்காதீர்கள். பட்டறைக் கூலி புது ஹெட் விலையின் பாதியைத் தாண்டினாலும் அப்படியே. ப்ளக் மரை மட்டும் போயிருந்தால் அது கம்பிச் சுருளால் ஆன காயில் மரையைப் பதித்துத் தீரும் சங்கதி, ஹெட் மாற்றக் காரணமல்ல.

ஆக, கைடு ஆடவில்லை, சீட் 1.5 மி.மீ.க்குள் என்றால் லேப்பிங், புது சீல், மேனிஃபோல்டு படியைச் சரிசெய்தல், இவ்வளவும் வீட்டில். கேஸ்கெட் கசிந்து முகம் கோணியிருந்தால் கண்ணாடியில் முகத்தைச் சமமாக்குவது. மற்றதெல்லாம் பட்டறை. பூட்டும்போது புது கேஸ்கெட், நட்டுகளை மூலைக்கு மூலையாக மூன்று தவணையில், டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு. ஆயில் ஏறும் ஸ்டட்டின் வாஷரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெளியே ஆயில் கசிவது பெரும்பாலும் அதனால்தான்.

500 கி.மீ. ஓடியதும் எஞ்சின் ஆறிய நிலையில் டேப்பட்டை மறுபடி பாருங்கள். லேப்பிங் செய்த வால்வு சீட்டில் இன்னும் கொஞ்சம் அமர்வதால் எக்ஸாஸ்ட் இடைவெளி சற்றுக் குறைந்திருக்கும், சரிசெய்தால் போதும். அடுத்த ஆயிரத்திலும் அதே அளவு குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. அந்த ஹெட்டை மறுபடி தேய்க்காமல் புது சீட்டுக்குப் பட்டறைக்கு அனுப்புங்கள்.